பழுப்பு அங்கி

பெத்லகேம்
20 செப்டம்பர் 1942

என் கண்ணான மகள் மில்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பாமல் வேறு என்ன செய்வது, நேரில் வந்து பார்க்கிற இடத்திலா இருக்கிறாய். அப்பாவுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது. சிப்பி அறுக்கிற தூள் நெஞ்சில் படிந்துவிட்டது, கொஞ்ச நாள் பட்டறைப் பக்கம் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். கேட்கிற ஆளா அவர். உன் அண்ணன் யாகூப் நன்றாக இருக்கிறான். சர்க்கரை கிடைப்பதில்லை. காப்பியில் வறுத்த பார்லியைக் கலந்து குடித்துக்கொண்டிருக்கிறோம். அதைக் காப்பி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதம் இங்கிலீஷ் ராஜாவின் ராணுவ முத்திரையோடு வந்தது. தபால்காரர் அபூ நக்லே நடுத்தெருவில் நின்று அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹெலானே, ராஜா உங்களுக்கு லெட்டர் போட்டிருக்காரு" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. உள்ளே கூப்பிட்டு ஒரு ஜாடி அத்திப்பழ ஜாம் கொடுத்தேன். இனிமேல் உன் கடிதங்கள் அவர் பைக்குள் அடியில் வரும். ஜாம் தீர்ந்ததும் மறுபடி மேலே வரும் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். முகம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் கறுத்திருக்கிறாய். கழுத்துக்குக் கீழே உள்ளதை அப்பா பார்க்க வேண்டாம் என்று கத்தரியால் வெட்டிவிட்டேன். முகம் மட்டும் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோபப்படாதே. முழங்கால் தெரிகிற பாவாடையும், அந்தப் பெல்ட்டும், ஆண்பிள்ளைத் தொப்பியும் போட்டு நிற்கிறவளை நான் எங்கே மாட்டுவது?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். நம் ஈசாவின் அம்மா, எதிர்வீட்டு உம் ஈசாதான் கேட்டாள். "மில்யாவை ரெண்டு மாசமா கண்ணுலயே காணோமேக்கா, எங்க போயிருக்கா?" அவள் வம்புக்குக் கேட்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பட்டாளத்தில் சேர்ந்து, அந்நிய ஆண்கள் மத்தியில் வண்டி ஓட்டுகிறாள் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை, மில்யா. "அவ அப்பா நெஞ்சு குணமாகணும்னு அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கா. பழுப்பு அங்கி போட்டுக்கிட்டு எகிப்துல கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில சேவை செய்யறா" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உம் ஈசா என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

உன் பெயரை அப்பா வாயெடுத்துச் சொல்வதில்லை. ஆனால் கடிதம் வந்த அன்று இரண்டு தடவை பட்டறையிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தார்.

உன் அம்மா
ஹெலானே


எகிப்து
11 அக்டோபர் 1942

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். கூடாரத்தில் என்னோடு இருக்கும் பெண்கள் என்ன என்று கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. சொன்னால் இங்கே எனக்கு அதுதான் பட்டப்பெயர் ஆகிவிடும். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டபோது சிரிப்பு போய்விட்டது. அம்மா, என்னைப் பற்றி அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது உங்களுக்கு?

நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் வரும். நாங்கள் வண்டிகளோடு நிற்போம். ஒரு வண்டியில் நான்கு பேர், தூக்குப்படுக்கைகளில். அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாலை குண்டும் குழியுமாக இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் பின்னால் இருந்து ஒரு சத்தம் வரும். அதனால் நான் மெதுவாக ஓட்டுகிறேன். மேலதிகாரி அம்மா, "என்ன மில்யா, கல்யாண ஊர்வலமா போறே?" என்று திட்டுவார். ஆனாலும் எலும்பு முறிந்தவர்களை என் வண்டியில்தான் ஏற்றச் சொல்கிறார். அன்றைக்கெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அதை எழுத உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. நீங்களோ போட்டோவை வெட்டிவிட்டேன் என்கிறீர்கள்.

எதிர்வீட்டு ஈசா பட்டாளத்து லாரி ஓட்டப் போன அன்று நினைவிருக்கிறதா? தெருவே கூடி நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். உங்கள் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. அவன் ஓட்டுவதும் வண்டிதான், நான் ஓட்டுவதும் வண்டிதான். அவன் துணியும் காக்கி, என் துணியும் காக்கி.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். பட்டறையில் இப்போது யாருக்கு நட்சத்திர ப்ரோச் செதுக்குகிறார்? யாத்திரிகர்கள் வருவதில்லை. காக்கிக்காரர்கள்தானே வாங்கிப்போய்த் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு அனுப்புகிறார்கள். காக்கியின் காசு இனிக்கிறது, காக்கி போட்ட மகள் கசக்கிறாளா? இதைக் கேட்க வேண்டாம், விடுங்கள். இருமல் குறையட்டும்.

அங்கிக் கதையை இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்
மில்யா


பெத்லகேம்
29 நவம்பர் 1942

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எழுதாமல் விடுகிறேன்.

கதையை எப்படி நிறுத்துவது? அப்பாவுக்கு இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. மழை பெய்ததும் தூள் அடங்கியிருக்கும், அல்லது யாகூப் கடைசியில் சண்டை போட்டு அவரை ஒரு மாதம் பட்டறைக்குள் விடாததால் இருக்கும். ஊர் அப்படி நினைக்குமா? "மில்யாவோட நேர்ச்சை பலிச்சிருச்சு" என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. மாவு மில்லில் வரிசையில் நின்றால் எனக்கு முதலில் அரைத்துத் தருகிறார்கள். நான் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கிறார்கள்.

உம் ஈசா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறிய புட்டியில் எண்ணெய் கொண்டுவருகிறாள். இந்த வருஷம் எண்ணெய் என்ன விலை என்று உனக்குத் தெரியாது. "உங்க மில்யா பேரைச் சொல்லி விளக்குல ஊத்துங்கக்கா, எம்புள்ளைக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கச் சொல்லுங்க" என்கிறாள். எகிப்துப் பாலைவனத்தில் பெரிய சண்டை நடந்ததிலிருந்து ஈசாவிடமிருந்து கடிதம் வரவில்லை. அவளுக்கு நான்தானே எப்போதும் கடிதம் எழுதித் தருவதும் படித்துச் சொல்வதும். சென்ற வாரம் அவனுக்கு ஒன்று எழுதினோம். மில்யா பழுப்பு அங்கி போட்டு உனக்காக ஜெபிக்கிறாள் என்று அவள் சொல்லச் சொல்ல, என் கையால் எழுதினேன். எண்ணெயையும் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அந்த எண்ணெயில் சமைக்கவில்லை, விளக்குக்குத்தான் ஊற்றினேன். அந்த அளவுக்காவது இருக்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. யாகூபுக்கு ஸரூர் வீட்டிலிருந்து பேச்சு வந்திருக்கிறது. மூத்த பெண் ஜூலியா. யாகூப் அவளை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த வீட்டார் நம்மைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஜூலியாவின் அம்மாவே வந்து உட்கார்ந்து, "நேர்ச்சைக்காரப் பொண்ணு இருக்கிற வீட்டுல எங்க பொண்ணு வாழணும்னு ஆசைப்படறோம்" என்றார். யாகூபின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு உதவி. யாரும் கேட்டால் உரக்கப் படிக்கும்படி ஒரே ஒரு கடிதம் எழுதி அனுப்பு. அங்கி, மடம் என்று பெரிதாக வேண்டாம். பக்தியாக நாலு வரி போதும். அண்ணனுக்காகச் செய்.

உன் அம்மா
ஹெலானே


எகிப்து
20 டிசம்பர் 1942

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டதை இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன். "நோயாளிகளின் முகத்தில் நம் ஆண்டவரைக் காண்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன். நேற்று இரவு ஒருவன் என் சட்டை மேல் வாந்தி எடுத்தான். அப்போது நான் ஆண்டவரைக் காணவில்லை, தண்ணீர் வாளியைத் தேடினேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு யாகூபின் முகத்தை நினைத்து மறுபடி எழுதினேன். இப்போது நானும் உங்களோடு சேர்ந்துவிட்டேன். இனி உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் உம் ஈசாவிடம் எண்ணெய் வாங்காதீர்கள், அம்மா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவர் வீட்டில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான் இருக்கும். காயம்பட்டவர்கள் ரயில் வரும்போதெல்லாம் நம் ஊர்ப் பேச்சு கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறேன். என்னால் முடிந்த ஜெபம் அதுதான்.

கிறிஸ்து பிறப்பு அன்று நம் கோவில் மணி இங்கே ரேடியோவில் வருமாம். எல்லாரும் சேர்ந்து கேட்கப் போகிறோம். அந்த மணி எங்கள் வீட்டு மாடியில் நின்றால் காதை அடைக்கும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

உங்கள் மகள்
மில்யா


பெத்லகேம்
17 ஜனவரி 1943

என் மகள் மில்யாவுக்கு,

உன் நாலு வரியை ஸரூர் வீட்டுக் கூடத்தில் படித்தேன். ஜூலியாவின் அம்மா முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோதிரம் மாற்றுவது பிப்ரவரி 28, ஞாயிறு. தவக்காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும், விட்டால் உயிர்த்த ஞாயிறு பாஸ்காவுக்குப் பிறகுதான். அவ்வளவு நாள் ஊர் வாய் சும்மா இருக்காது.

உம் ஈசா இளைத்துப்போய்விட்டாள். மகனிடமிருந்து ஒரு வரி இல்லை. எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன். "ஏங்கக்கா, என் எண்ணெய் மட்டும் ஆகாதா?" என்று கேட்டாள். வாங்கிக்கொண்டேன்.

நீ மணிச் சத்தம் கேட்டாயா? அப்பா அன்று மாடிக்கு ஏறி நின்றார், குளிரில். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன் அம்மா
ஹெலானே


எகிப்து
14 பிப்ரவரி 1943

அன்புள்ள அம்மாவுக்கு,

அவசரம். மற்ற நலமெல்லாம் பிறகு.

ஈசா கிடைத்துவிட்டான். உயிரோடு இருக்கிறான்.

மூன்று நாளைக்கு முன் வந்த ரயிலில் இருந்தான். தூக்குப்படுக்கையின் தலைப்பக்கம் நான், கால்பக்கம் ஒரு ஆள். தூக்கும்போது, "மெதுவா, சகோதரி, மெதுவா" என்று நம் ஊர்ப் பேச்சில் ஒரு குரல். முகம் முழுக்கக் கட்டு, ஒரு கண் மட்டும் தெரிந்தது. "நீ பெத்லகேமா?" என்றேன். அந்தக் கண் என்னை உற்றுப் பார்த்தது. "மில்யா? உன் பழுப்பு அங்கி எங்க?" என்றான். அம்மா, அவன் அப்படியே நம்பியிருக்கிறான். நீங்கள் எழுதிய கடிதம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. படுக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தத் துணியோடு, நான் அவன் முன்னால் நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

வண்டியில் ஏற்றியதும் உண்மையைச் சொன்னேன். கட்டுக்குள்ளிருந்து சிரித்தான். "அட, நீயும் என்னை மாதிரி டிரைவரா. அதான் பார்த்தேன், துறவி எப்படி இவ்ளோ கனம் தூக்குவான்னு" என்றான். பிறகு, "அப்போ எனக்காக வேண்டிக்கவே இல்லையா?" என்று கேட்டான். ரயில் வரும்போதெல்லாம் உன் குரல் கேட்குமா என்று பார்த்தேன் என்று சொன்னேன். அது போதும் என்றான்.

பெரிய சண்டையில் அவன் லாரி கண்ணிவெடியில் ஏறிவிட்டது, உங்கள் கடிதத்தை முன்னணி ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் படித்துச் சொன்னானாம். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நெருப்புக் காயம் அதிகம். இரண்டு கையும் கட்டில் இருப்பதால் எழுத முடியாது. அதனால்தான் இத்தனை நாள் கடிதம் இல்லை.

இனி சொல்வதை உம் ஈசாவிடம் ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, காய்ச்சல் இறங்கவில்லை, அதிக நாள் தாங்காது, யாராவது வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும் என்றார். ஈசா ஒவ்வொரு நாளும் அம்மா வருவாளா என்று கேட்கிறான். எண்ணெயும் ஸாத்தர் பொடியும் தடவி அம்மா சுடுகிற ரொட்டி வேண்டும் என்கிறான். இங்கே எங்கள் பாதிரியார் அலைந்து உம் ஈசாவுக்கு அனுமதித் தாள் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இருக்கிறது. இடமும் அதிலேயே இருக்கிறது. லித்தா ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டால் போதும். கால்வாய்க்கரை ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலுக்கும் நான் நிற்பேன்.

என்னை இந்த உடையில் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்துவிடும், அண்ணனின் மோதிரம் என்ன ஆகும் என்றும் தெரியும். நான் யோசிக்காமல் எழுதவில்லை. யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். அவரை அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
மில்யா


பெத்லகேம்
1 மார்ச் 1943

என் கண்ணே மில்யா,

உன் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் நிற்க நேரமில்லை. நேற்று மோதிரம் மாற்றினோம். பாதிரியார் ஆசீர்வதித்தார். தட்டுகளில் பாதாம் மிட்டாய் வைத்தோம், சர்க்கரைக்கு யாகூப் எங்கெல்லாமோ அலைந்தான். ஜூலியாவுக்கு நீல நிறம் நன்றாக இருக்கிறது. உன் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் மோதிரத்தைத் தொட்டாள்.

உம் ஈசாவிடம் படித்துச் சொன்னேன். ஈசா ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கை கட்டில் இருக்கிறது, நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாய் என்று சொன்னேன். மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டாள். நேற்று விசேஷத்துக்கு வந்து எல்லாரையும்விட நன்றாகக் குலவையிட்டாள்.

மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, பாதை சரியில்லை. அவளுக்கும் சளி. தனியாக ரயில் ஏறிப் பழக்கம் இல்லாதவள். இந்த வாரம் மழை விட்டதும் யாகூபோடு அனுப்பிவைக்கிறேன். எட்டு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன, டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். உன் அப்பாவுக்கும் அப்படித்தானே சொன்னார்கள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா
ஹெலானே


எகிப்து
9 மார்ச் 1943

அம்மாவுக்கு,

ஈசா சென்ற செவ்வாய்க்கிழமை, மார்ச் 2 அன்று, காலையில் இறந்துவிட்டான். உங்கள் கடிதம் இன்று வந்தது.

அந்த இரண்டு வாரமும் நான் ஸ்டேஷனில் நின்றேன். வேலை இருந்த நாளில் தோழிகளை நிற்கச் சொன்னேன். கறுப்புத் துணி கட்டின எந்த அம்மா இறங்கினாலும் ஓடிப்போய்ப் பார்த்தோம். திரும்பி வந்து அவனிடம், "இன்னைக்கு ரயில் லேட்டு" என்று சொல்வேன். பொய் சொல்வது எனக்குச் சுலபமாக வந்தது. பழகிவிட்டது. அவன், "மழையா இருக்கும், எங்கம்மாவுக்குச் சளி பிடிக்கும்" என்றான். நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசி நாள் அவன் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுதியதில் எதைப் படித்தீர்கள், எதை விட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் எல்லாவற்றையும் உம் ஈசாவிடம் படித்துக் காட்டும்வரை நான் உங்களுக்கு எழுதமாட்டேன். என்னைப் பற்றி வெட்கப்பட்டீர்கள். நான் உங்களைப் பற்றி வெட்கப்படும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

மில்யா


பெத்லகேம்
14 ஜூன் 1943

மில்யாவுக்கு,

தவக்காலத்திலும் பாஸ்காவிலும் நான் எழுதிய கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. போட்டிருக்கக் கூடாது. அவற்றில் நான் உண்மையாக ஒன்றும் எழுதவில்லை. இதில் எழுதுகிறேன்.

ஈசா இறந்த செய்தியைப் பாதிரியார்தான் வந்து சொன்னார். துக்க வீட்டில் நான்தான் முதலில் போய் நின்றேன். அடுப்பு மூட்டினேன், கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன், அவளைத் தாங்கிப் பிடித்தேன். "மில்யா பக்கத்துல இருந்தாளேக்கா, அந்த அங்கி அவன் கண்ணுல பட்டிருக்கும்ல, அது போதும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஸரூர் வீட்டம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வாராவாரம் உம் ஈசா வந்து, "அந்த லெட்டரை இன்னொரு தடவை படிங்கக்கா" என்பாள். நான் படிப்பேன். அவன் உன்னை அடையாளம் கண்டது, கை கட்டில் இருந்தது. அங்கியையும் டிரைவரையும் தாண்டிக் குதித்துவிடுவேன். அடுத்து "டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு" என்று நீ எழுதிய இடம் வரும். அங்கே நிறுத்திவிட்டுத் தாளை மடிப்பேன்.

நேற்று அந்தோனியார் திருநாள். தெரு முழுக்கக் குழந்தைகள் பழுப்பு அங்கி போட்டு, இடுப்பில் வெள்ளைக் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன். உம் ஈசா வந்தாள். வழக்கம்போல் படிக்கச் சொன்னாள். படித்தேன். முடித்ததும் அவள் போகவில்லை. "ஹெலானேக்கா, எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல மூச்சை இழுத்துக்கிட்டுத்தான் தாளை மடிக்கிறீங்க. அங்க என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

கேட்ட விதத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

படித்தேன், மில்யா. முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல். உன் காக்கி, நீ தூக்கியது, ஓட்டியது, டாக்டர் சொன்னது, அவன் கேட்ட ரொட்டி, அனுமதித் தாள், நீ ஸ்டேஷனில் நிற்பேன் என்று எழுதியது. மார்ச்சில் நீ எழுதியதையும் எடுத்துவந்து படித்தேன். அனுமதித் தாளை அவள் கையில் கொடுத்தேன். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "ரொட்டி கேட்டானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "வாசல்லயே அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுக்கா அந்த வாரம் பூரா. உங்க வீட்டு விசேஷத்துக்கு நான்தானே ரொட்டி சுட்டேன்" என்றாள்.

அவள் காலில் விழப் போனேன். விடவில்லை. தொடவும் விடவில்லை.

பிறகு உன் படத்தைக் கேட்டாள். முகம் இருக்கிற துண்டைக் கொடுத்தேன். "மிச்சம்?" என்றாள். தையல் பெட்டியில் கிடந்ததைத் தேடி எடுத்து இரண்டையும் சேர்த்துவைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். உன் கையைத்தான் பார்த்தாள். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதையும் நான் வெட்டிவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது.

"அவனைத் தூக்கினப்போ போட்டிருந்த துணியோட என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. துவைச்சிருந்தாலும் பரவாயில்ல. நான் அதுல ஒரு தடவை முகத்தை வச்சுக்கணும்."

இன்று காலை ரொட்டி அடுப்படியில் பெண்கள் கூடியிருந்தபோது போய் நானே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மகள் மடத்தில் இல்லை, பட்டாளத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், அங்கி என் வாய் தைத்தது என்று சொன்னேன். திரும்பி வரும்போது எனக்கு வழி விட்டார்கள், மாவு மில்லில் விட்டது போல் இல்லை. ஸரூர் வீட்டிலிருந்து இதுவரை ஆள் வரவில்லை. மோதிரத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று யாகூபிடம் சொன்னேன். அவன் என்னோடு பேசுவதில்லை. அப்பாதான் பட்டறையிலிருந்து வந்து, "அவ காக்கியோடவே வரட்டும். நான் வருஷம் பூரா காக்கிக்காரனுக்குத்தானே நட்சத்திரம் வித்தேன்" என்றார். நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவராகவே சொன்னார்.

எனக்காக வா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. உம் ஈசாவுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வா. பகலில் வா. தெரு வழியாக அந்த உடையிலேயே நடந்து வா. நேராக அவள் வீட்டுக்குப் போ. நம் வீடு எதிரேதான் இருக்கிறது, கதவு திறந்திருக்கும். நான் வெளியே வந்து நிற்கமாட்டேன், ஜன்னலில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நீயாகக் கூப்பிட்டால் வருகிறேன்.

உன் அம்மா என்று எழுதிக்கொள்ள நீ விட்டால்,
ஹெலானே